சண்டை நடந்த ஊரில் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது: யாருக்காக, யார் கையில்?

வைகை வடகரை எழுதியது:

மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் பேரையூர் வட்டத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, யாரும் கேட்க வேண்டாம்.

1990-ஐ ஒட்டி எங்கள் ஊரில் இரண்டு தெருக்களுக்கு இடையே பெரிய சண்டை நடந்தது. கோயில் மரியாதையில் தொடங்கி, கண்மாய்த் தண்ணீர், களத்துமேடு, பஸ் நிறுத்தம் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. வீடுகள் எரிந்தன, உயிரும் போனது. பிறகு தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை, இரண்டு தரப்பிலும் கையெழுத்து, மாதக்கணக்கில் போலீஸ் காவல், பல வருடம் திருவிழா இல்லை. இப்போது திருவிழா நடக்கிறது. ரேஷன் கடையில் ஒரே வரிசை. நூறு நாள் வேலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மண் அள்ளுகிறார்கள். ஆனால் அந்த வருடத்தைப் பற்றி ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக்காரரிடம் வாயே திறப்பதில்லை.

கீழத்தெருப் பையன்களுக்குக் கீழத்தெருக் கதை தெரியும், மேலத்தெருப் பையன்களுக்கு மேலத்தெருக் கதை. முதல் கல்லை எறிந்தது யார் என்பது மாறுகிறது, நடந்த கிழமைகூட மாறுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருடத்துக்கு வருடம் இந்தக் கதைகள் பெருத்துக்கொண்டே போகின்றன. நேரில் பார்த்தவர்களுக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர்கள் போய்விட்டால் ஸ்டேட்டஸ் மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டு தெருப் பெரியவர்களின் பேச்சையும் பதிவு செய்து, அரசு ஆபீசிலும் கோர்ட்டிலும் இருக்கும் காகிதங்களையும் திரட்டி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில், இரண்டு தெருக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று பேசிக்கொள்ள முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் நாளைக்கு அதைப் படித்துப் பேசலாம். செய்யலாமா? செய்தால் எங்கே வைப்பது? இந்தப் பக்கத்து ஆட்கள், இந்த மாதிரி வேலையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கச்சேரி எழுதியது:

தம்பி, நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்கிற அமைதிக் கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலையாக இருந்தது. அதனால் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு ஊரில் கலவரம் என்றால் ஒரே ஒரு ஃபைல் உருவாகாது. போலீசில் எஃப்.ஐ.ஆர்., அதுவும் இரண்டு தரப்புக்கும் எதிரும் புதிருமாக. ஆர்.டி.ஓ. ஆபீசில் 144 தடை உத்தரவு, 107 பிரிவில் அமைதி காப்பதற்கான பிணை. தாலுகாவில் சேத மதிப்பீடு, நிவாரணப் பட்டியல், அமைதிக் கூட்ட நடவடிக்கை. கலெக்டர் ஆபீசுக்குப் போன தினசரி அறிக்கைகள். இதில் நிவாரணப் பட்டியலைத் தேடுங்கள். யார் வீடு எரிந்தது, வீட்டில் என்ன இருந்தது, எத்தனை ஆடு செத்தது என்று வீடு வாரியாக வி.ஏ.ஓ. எழுதியிருப்பார். கோபமாக யாரும் எழுதாத காகிதம் அது. அதனாலேயே அதை நம்பலாம்.

அமைதிக் கூட்டக் குறிப்பை அப்படி நம்பாதீர்கள். காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரம் வரை கத்தி, இரண்டு முறை வெளிநடப்புச் செய்து, ஒருவர் மயங்கி விழுந்து முடிந்த கூட்டத்துக்கும் "இரு தரப்பினரும் சுமுகமாக நடந்துகொள்வதாக ஒப்புக்கொண்டனர்" என்று ஒரே வரிதான் எழுதுவோம். அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். யார் யாருக்காகக் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தவருக்கு அதைப் படித்துக் காட்டினார்களா என்பதெல்லாம் அதில் இருக்காது. பெண்கள் ஒருவர்கூட அந்த அறையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வீடு எரிந்தபோது உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இன்னொன்று. ஃபைலை முடிக்கும்போது அது எத்தனை காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிடும். ஆர்.டிஸ். என்று முடித்தால் நிரந்தரம். டி.டிஸ். பத்து வருடம், கே.டிஸ். மூன்று வருடம், எல்.டிஸ். ஒரே வருடம். ஒரு பிரிவு எழுத்தர் வேலை நெருக்கடியில் எல்.டிஸ். என்று போட்டுவிட்டால் ஊரே கையெழுத்துப் போட்ட காகிதம் அடுத்த வருடம் கழிவுத் தாளாகிவிடும். ஃபைல் போயிருந்தாலும் தன்பதிவேட்டில் (எழுத்தர் தன்னிடம் வரும் காகிதங்களைப் பதிகிற பேரேடு) அதன் எண்ணும் பொருளும் ஒரு வரியாக இருக்கலாம். அங்கிருந்து ஆரம்பியுங்கள். பதிவறை எழுத்தரிடம் நயமாகப் பேசுங்கள்.

மேலூர் நிலா எழுதியது:

ஐயா, உங்கள் நோக்கத்தைச் சந்தேகப்படவில்லை. ஆனால் "இரண்டு தெருக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்" என்பதைப் படித்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த குற்றம், பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்தது. 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். இதில் இரண்டு கதை எங்கே இருக்கிறது? வெட்டியவர் தரப்புக்கு ஒரு கதை இருக்கும்தான். அதை வெட்டுப்பட்டவர் வீட்டுக் கதைக்குப் பக்கத்தில் சம எடையாக வைத்தால் அது ஆவணம் ஆகுமா, மறுபடியும் ஒரு கட்டப்பஞ்சாயத்து ஆகுமா?

எங்கள் பக்கம் நினைவு ஒன்றும் அழிந்துகொண்டிருக்கவில்லை. வருடா வருடம் ஜூன் 30-ல் நினைவிடத்தில் கூடுகிறோம். சின்னப் பிள்ளைக்கும் ஆறு பேர் பெயரும் தெரியும். பதிவு இல்லாமல் கிடப்பது எதிர்ப்பக்கம். அவர்கள்தான் பேச மறுக்கிறார்கள். முதலில் அந்தத் தெருவுக்கு மைக்கைக் கொண்டு போங்கள். நல்லிணக்கம் என்ற பேச்சு எப்போதும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறது. விட்டுக்கொடு, மறந்துவிடு, வழக்கை வாபஸ் வாங்கு. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கருமாத்தூரான் எழுதியது:

மேலூர் நிலா சொன்ன "அந்தத் தெரு"வில் பிறந்தவன் நான். என் ஊர் வேறு, ஆனால் தெரு அதே மாதிரிதான். அதனால் பதில் சொல்லக் கடமை இருக்கிறது.

எங்கள் வீட்டில் பெருங்காமநல்லூர் பற்றிப் பேசாத வருடம் கிடையாது. 1920 ஏப்ரல் 3. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிந்த வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று பாட்டி சொல்லும். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்தியே கொண்டுபோனதையும் சொல்லும். ஆண்கள் ராத்திரி போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான அன்றைக்கே மாப்பிள்ளை கச்சேரிக்குப் போன கதைகள் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது.

அரசாங்கக் காகிதத்தை மட்டும் வைத்து எழுதினால் அன்றைக்கு நடந்தது என்ன? "கலகக் கும்பல் தாக்கியது, தற்காப்புக்காகச் சுட்டோம்" என்பதுதான். நூறு வருடம் கழித்து அந்த ஊரில் தூணில் பெயர்கள் இருக்கின்றன என்றால் அதற்குக் காரணம் கிழவிகள் வாயை மூடாமல் இருந்ததுதான். வாய்மொழி எதற்கு வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். 1920-ஐப் பற்றிக் கண்ணீரோடு பேசுகிற அதே பெரியவரிடம், 1996-லிருந்து பத்து வருடம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஏன் ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார். தனித் தொகுதி என்பதால் மனுத் தாக்கல் செய்யவே ஆள் வராமல் பார்த்துக்கொண்டார்கள், ஜெயித்தவரும் உடனே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் முடிந்தது. அந்தப் பத்து வருடத்தில் ஊருக்குள் என்ன பேசினார்கள், யார் யாரை மிரட்டினார்கள், உள்ளுக்குள் வேண்டாம் என்று சொன்ன நம் ஆட்கள் யார், இதையெல்லாம் பேசத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்மைச் சுட்டதைச் சொல்லத் தெரிந்த வாய்க்கு நாம் அடைத்ததையும் சொல்லத் தெரிய வேண்டும். அதை நிலா போய்க் கேட்கக் கூடாது, கேட்கவும் முடியாது. என்னைப் போன்றவன்தான் கேட்க வேண்டும். வைகை வடகரை சார் கூப்பிட்டால் நான் வருகிறேன்.

கோரிப்பாளையம் வழக்கறிஞர் எழுதியது:

எல்லோரும் ஆர்வமாகக் கிளம்பும் முன் ஒரு பெண் குறுக்கே வந்து பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பல வருடமாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். கருமாத்தூர் அண்ணன் போய்க் கேட்டு, ஒரு பெரியவர் மனம் திறந்து, "ஆமாம், அன்றைக்கு நானும் அரிவாள் எடுத்துக்கொண்டு போனேன்" என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலிப்பதிவு உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. அப்புறம்?

நம் சட்டத்தில் வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும், கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதற்கும் பாதுகாப்பு உண்டு. ஆராய்ச்சியாளரிடம் சொன்னதற்கு அப்படி எதுவும் கிடையாது. கொலைக்குக் காலவரம்பும் கிடையாது. அது மட்டுமில்லை, கொலை போன்ற குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 33. கேட்டவரும் மாட்டுவார்.

இது கற்பனைப் பயம் இல்லை. வட அயர்லாந்தில் முப்பது வருடச் சண்டையில் ஆயுதம் எடுத்த இரு தரப்பினரையும் பேட்டி எடுத்து அமெரிக்காவில் பாஸ்டன் காலேஜில் வைத்தார்கள். 2001-ல் தொடங்கிய வேலை. நீங்கள் இறக்கும் வரை வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் பேச வைத்தார்கள். 2011-ல் அங்கத்திய போலீஸ் அமெரிக்க நீதிமன்றம் வழியாக அந்த ஒலிநாடாக்களைக் கேட்டு வாங்க ஆரம்பித்தது. 2014-ல் சின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் கைதானார், நாலு நாள் விசாரணைக்குப் பிறகு வெளியே விட்டார்கள். இன்னொருவர் மீது வழக்கே நடந்து, 2019-ல் நாடாக்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிபதி சொல்லி விடுதலை ஆனார். சட்டப்படி ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் அதன்பிறகு யார் நம்பிப் பேசுவார்? எத்தனையோ பேர் தங்கள் பேட்டியைத் திருப்பிக் கேட்டார்கள். காக்க முடியாத வாக்கைக் கொடுத்ததுதான் அங்கே வினை.

அதனால் என் யோசனை. பேட்டியை ஆரம்பிக்கும் முன்பே பேசுபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "கோர்ட் கேட்டால் என்னால் மறைக்க முடியாது. அதனால் யார் வெட்டினார் என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்." நீதி என்பது நிலா கேட்கிற மாதிரி கோர்ட்டில் போராடி வாங்க வேண்டிய சமாச்சாரம். இந்தப் பதிவுக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அதற்கு அந்தப் பலமும் இல்லை.

மேலூர் நிலா எழுதியது:

அக்கா, யார் வெட்டினார் என்பதைத் தவிர்த்துவிட்டு எடுக்கிற வரலாறு யாருக்கு வசதி என்பதையும் யோசியுங்கள். பெயர் சொல்லாமல் "அசம்பாவிதம் நடந்தது" என்று எழுதுவதைத்தான் பேப்பர்காரர்கள் ஐம்பது வருடமாகச் செய்கிறார்கள்.

கோரிப்பாளையம் வழக்கறிஞர் எழுதியது:

நியாயம். ஆனால் தீர்ப்பு வந்த வழக்கில் பெயர் சொல்ல யாரும் பயப்பட வேண்டாம், தீர்ப்பே பொது ஆவணம். நான் பயப்படுவது வழக்கே பதியாத சம்பவங்களில். அங்கே பெயர் சொன்னால் முதல் ஆபத்து பெயர் சொன்ன கிழவிக்குத்தான். அவர் அடுத்த நாள் காலையில் அதே தெரு வழியாகத்தான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும்.

ஆனையூர்ப் பெண் எழுதியது:

நான் மதுரை ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள். அம்மாவும் அம்மம்மாவும் 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். இந்த இழை எங்களுக்கும் சம்பந்தப்பட்டது என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிய காகிதத்துக்குக் குறைவே இல்லை. வந்திறங்கிய நாள், குடும்ப எண், உதவித்தொகைப் பட்டியல், முகாமில் ஆள் இருக்கிறார்களா என்ற கணக்கெடுப்பு, வெளியூர் போக அனுமதி. எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் வந்தீர்கள், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஒரு தாளிலும் ஒரு கட்டம் கிடையாது. அம்மம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் பள்ளிக்கூடம், வேலை என்று ஓடிக்கொண்டிருந்தோம். அவர் திருவாதவூர் முகாமில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போனால் மட்டும் இரண்டு பேரும் விடிய விடியப் பேசுவார்கள். அந்தப் பேச்சு எங்கேயும் இல்லை இப்போது.

கிளிநொச்சியில் பெரியம்மா இருக்கிறார். அவருடைய மகன் 2009-லிருந்து இல்லை. 2010-ல் ஆணைக்குழு வந்தது, போய்ச் சொன்னார். 2013-ல் காணாமல் போனோருக்கென்று இன்னொரு ஆணைக்குழு, மறுபடியும் போய்ச் சொன்னார். 2018-ல் காணாமல் போனோர் அலுவலகம் வேலையைத் தொடங்கியபோது திரும்பவும் படிவம். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன தடவை சொன்னது எங்கே என்று கேட்டால் அது வேறு அலுவலகம் என்பார்கள். 2017-லிருந்து தெருவோரக் கொட்டிலில் உட்கார்ந்து போராடுகிற தாய்மார்களில் அவரும் ஒருவர். "என்ர வாயாலே எத்தனை தரம் அவனைச் சாகடிக்கிறது" என்று ஒருமுறை போனில் கேட்டார்.

அதனால் மேலூர் அண்ணனுக்கும் வரலாறு ஐயாவுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பதிவு செய்வது என்றால் ஒரு தடவை ஒழுங்காகப் பதிவு செய்து, அதைப் பத்திரமாக வைத்து, அடுத்து வருகிறவர் மறுபடி அந்த மனுசியைக் கேட்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுசு புதுசாக மாணவர்கள் ரெக்கார்டரோடு வந்து நிற்பதாக இருந்தால் வரவே வேண்டாம்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் எங்கள் அனுபவம் உண்டு. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது 97,000 புத்தகங்களும் ஏடுகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அந்த நெருப்பை மறக்காதவர்கள்தான் 2005-ல் நூலகம் என்ற இணையக் காப்பகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சிற்றிதழ்களையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கிடைக்கும்படி வைத்தார்கள். ஒரு பிரதி ஒரு இடத்தில் என்பது எங்களுக்குப் பயமான விசயம்.

வைகை வடகரை எழுதியது:

எல்லோருடைய பதிலையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனையூர்த் தங்கை எழுதியதை என் வகுப்பில் வாசித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

நிலா, சம எடை பற்றி நீங்கள் கேட்டது அடிப்படையான கேள்வி. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-ல் விசாரணையைத் தொடங்கியபோது இதே கேள்வி எழுந்தது. பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து சுமார் 21,000 வாக்குமூலங்கள் வாங்கினார்கள். குற்றம் செய்தவர்களிடமிருந்து பொதுமன்னிப்புக் கேட்டு 7,112 மனுக்கள் வந்தன. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் தன் நினைவைச் சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்டவர் முழு உண்மையையும் சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். கடைசியில் மன்னிப்புக் கிடைத்தது 849 பேருக்குத்தான். அதாவது இரண்டு பேச்சையும் கேட்பது வேறு, இரண்டையும் ஒன்றாக மதிப்பது வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்று நான் சொன்னதற்கு இந்த அர்த்தம்தான்.

அங்கே சறுக்கியது அதற்குப் பின்னால். பேசியவர்களுக்கு இழப்பீடாக 2003-ல் ஒரே தடவையாக 30,000 ராண்ட் கொடுத்து முடித்தார்கள், ஆணையம் சிபாரிசு செய்தது அதைவிடப் பல மடங்கு. ஆணையத்தின் முக்கியமான காகிதங்கள் 34 பெட்டிகளில் நீதித் துறையிடம் போய் அடைந்து கிடந்தன. அதைத் திறக்க வழக்குப் போட வேண்டியிருந்தது. நாடே டி.வி.யில் பார்த்து அழுத விசாரணையின் காகிதத்துக்கே அந்தக் கதி.

எதிர் உதாரணமும் உண்டு. குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போரில் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று 1999 அறிக்கை சொன்னது. எங்களிடம் எந்த ஃபைலும் இல்லை என்று போலீஸ் சாதித்தது. 2005-ல் தலைநகரில் பாழடைந்த ஒரு கட்டடத்தில் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்கப் போனவர்கள் கண்டது கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்த போலீஸ் காகிதம், சுமார் 8 கோடிப் பக்கம். எலி கடித்தது, நனைந்தது எல்லாவற்றையும் சுத்தம் செய்து வரிசைப்படுத்தினார்கள். 1984-ல் காணாமல் போன ஒரு தொழிற்சங்கக்காரரின் வழக்கில் அந்தக் காகிதத்தை வைத்து 2010-ல் இரண்டு போலீஸ்காரர்களுக்கு 40 வருடத் தண்டனை கிடைத்தது. கால் நூற்றாண்டாக அவர் மனைவி சொல்லி வந்ததும் அந்தக் காகிதமும் பொருந்தின. கச்சேரி ஐயா சொன்ன நிவாரணப் பட்டியல் போல, கோபமில்லாத காகிதத்துக்கு அவ்வளவு பலம்.

நாட்டுப்புறம் எழுதியது:

தென் மாவட்டங்களில் கதைப்பாடலும் ஒப்பாரியும் சேகரிக்கிறவன். கேட்கும் முறை பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதில் நீங்கள் எல்லாரும் என்னைவிடத் தெளிவாக இருக்கிறீர்கள்.

"அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஊரே சேர்ந்து தயாரித்த பதில் ஒன்று ரெடியாக இருக்கும். போலீசுக்கும் வக்கீலுக்கும் நிருபருக்கும் சொல்லிச் சொல்லிக் கெட்டிப்பட்டுப் போன பதில் அது. அதற்குப் பதிலாக, அந்த வருடம் உங்கள் வயலை யார் உழுதது, அறுப்புக்கு எங்கிருந்து ஆள் வந்தது, பிரசவத்துக்கு யாரைக் கூப்பிட்டீர்கள், சலவைக்குத் துணி எங்கே போனது, ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேளுங்கள். சண்டையில் எது அறுந்தது, எது ரகசியமாக அறுபடாமல் இருந்தது என்று தானாக வரும். மேலத்தெருப் பெண் ஒருத்தி கீழத்தெருப் பிள்ளைக்கு ராத்திரியில் கொல்லைப்புறமாகப் பால் கொடுத்தனுப்பிய கதையை, அந்தப் பிள்ளைக்கே தெரியாத கதையை, இப்படித்தான் ஒரு ஊரில் கேட்டேன். அமைதிக் கூட்டக் குறிப்பில் அது இருக்குமா?

ஒப்பாரியை விட்டுவிடாதீர்கள். பேச்சில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்ல நம் பெண்களுக்கு உரிமை உண்டு. எதிரியின் பெயரைச் சொல்லாமல் அவன் வீட்டு அடையாளத்தைச் சொல்லிப் பாடுவார்கள்.

கல் பற்றியும் ஒன்று. ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. ஒன்றில் கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவன் பெயர் இருக்கிறது. மாடு கவர்ந்த சண்டை. செத்தவன் பெயரும் ஊரும் நமக்குக் கிடைத்தன. மாட்டைப் பறிகொடுத்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்று கல் சொல்லவில்லை. நினைவுத்தூண் நடுவது வேறு, ஆவணம் சேர்ப்பது வேறு என்று நான் நினைப்பதற்கு இந்தக் கல்தான் காரணம். தூண் வேண்டும், நிலா ஊரில் இருப்பதும் பெருங்காமநல்லூரில் இருப்பதும் வேண்டும். ஆனால் அது ஒரு பக்கத்தின் குரல்தான்.

பழைய கச்சேரி எழுதியது:

உத்தப்புரத்தை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பேரையூர் வட்டம்தான். 1989 கலவரத்துக்குப் பிறகு பட்டியல் சாதியினர் தெருவைப் பிரித்து எழுந்த சுவர். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு தரப்பு 1989 உடன்பாட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசியது: எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது, இப்போது எப்படி மாற்றலாம் என்று. மறுதரப்பு, அன்றைக்கு இருந்த பயத்தில் வாங்கிய கையெழுத்து அது என்றது. ஒரே காகிதம் ஒருவருக்குப் பட்டா, இன்னொருவருக்கு வலுக்கட்டாயத்தின் அத்தாட்சி. 2011 நவம்பரில் புது உடன்பாட்டுக்குப் பிறகு பட்டியல் சாதியினர் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள்.

நான் சொல்ல வருவது, உடன்படிக்கைக் காகிதத்தை மட்டும் தேடி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கலவரத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்குச் சமம். அது எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று அந்த அறையில் இருந்தவர்கள் சொல்வதையும் சேர்த்து வைக்க வேண்டும். இரண்டு தரப்பிலும் கையெழுத்துப் போட்டவர்கள், ஆபீஸ் ஆட்கள், வெளியே மரத்தடியில் காத்திருந்த பெண்கள். ஆபீஸ் தரப்பில் என்னைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரோடு பேசத் தயார்.

கருமாத்தூரான் எழுதியது:

கச்சேரி ஐயா பெயரோடு பேசுவது பெரிய விஷயம். எங்கள் பக்கத்தில் நாலைந்து பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் மட்டும், "நான் செத்த பிறகு வெளியே விடுவதாக இருந்தால் சொல்கிறேன்" என்றார். வக்கீலம்மா எச்சரித்ததை அப்படியே அவரிடம் சொன்னேன், கோர்ட் கேட்டால் மறைக்க முடியாது என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொல்லாமல் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அது வேண்டாம்.

மேலூர் நிலா எழுதியது:

கருமாத்தூர் அண்ணன் செய்தது சரி. என் கருத்து முழுசாக மாறவில்லை. வழக்கு பதியாத ஊர்களில் பெயர் இல்லாமல் எடுப்பதை ஒரு கட்டம் வரைதான் ஏற்கிறேன். ஆனால் செய்வதாக இருந்தால் என் பக்கத்து நிபந்தனைகள் இவை. கீழத்தெரு மாணவர்களை மேலத்தெருவுக்குப் பேட்டி எடுக்க அனுப்பக் கூடாது, மார்க்குக்காகப் போனாலும் திரும்பி வரும்போது அவர்கள்தான் அவமானப்படுவார்கள். பேட்டி கொடுத்தவருக்கு அவருடைய பதிவின் பிரதி கையில் கிடைக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமையோடு. அப்புறம், இதை யாரும் எந்த அமைதிக் கூட்டத்திலும் "பார்த்தீர்களா, எல்லாம் பேசி முடித்தாயிற்று" என்று தூக்கிக் காட்டக் கூடாது. வழக்கு நிலுவையில் இருக்கிற குடும்பம் எதிலும் கை வைக்காதீர்கள்.

ஆனையூர்ப் பெண் எழுதியது:

ஐயா, வகுப்பில் வாசியுங்கள். பெரியம்மா சொன்ன வரியை மட்டும் விட்டுவிடுங்கள், அவரிடம் கேட்காமல் இங்கே எழுதியதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு பிரதி மதுரையில், ஒரு பிரதி வெளியூரில் என்று வையுங்கள்.

கோரிப்பாளையம் வழக்கறிஞர் எழுதியது:

காகிதம் எடுக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன், சார் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் 8(3) பிரிவைப் பாருங்கள். இருபது வருடத்துக்கு முன் நடந்த சம்பவம் என்றால் மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பொருந்தாது. மனுவில் "கலவரம் சம்பந்தமான எல்லா ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள், ஒரே வரியில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கச்சேரி ஐயா சொன்னபடி, இன்ன வருடத்துத் தன்பதிவேட்டைப் பார்வையிட அனுமதி என்று கேளுங்கள். எண் கிடைத்தால் அந்த எண்ணுள்ள கோப்பு, அழிக்கப்பட்டிருந்தால் எந்த உத்தரவின்படி எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்று அடுத்த மனு. கோர்ட் தீர்ப்புக்கும் சாட்சிகளின் வாக்குமூலத்துக்கும் நகல் மனு தனி, அதை நான் போடுகிறேன். நிவாரணப் பட்டியல் கிடைத்தால் அதில் இருக்கிற பெயர்களை இங்கே போடாதீர்கள். முதலில் அந்த வீட்டுக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எரிந்த வீட்டில் என்ன இருந்தது என்று அரசாங்கம் எழுதி வைத்திருப்பதே பலருக்குத் தெரியாது.